ரூர்மலேயிலிருந்து வந்த தந்தி

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதம் பிறந்ததும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் நான் அமர்ந்துவிடுவது வழக்கம். கிரிக்கெட்டுக்காக அல்ல, துவிச்சக்கர வண்டிகளுக்காக. பிரான்ஸ் தேசத்தைச் சுற்றிவரும் ‘ரூர் டி பிரான்ஸ்’ பந்தயம் மூன்று வாரங்கள் நடைபெறும். வண்டிகள் சமவெளியில் ஓடும் நாட்களில் அரைத் தூக்கத்தோடுதான் பார்ப்பேன். மலைகள் வந்துவிட்டால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். நூற்றுக்கும் மேற்பட்டோர் ஒரே கூட்டமாகப் புறப்படுவார்கள். ஏற்றம் கடுமையாக ஆக ஒவ்வொருவராய் உதிர்ந்து, ஈற்றில் ஒருவரோ இருவரோ மாத்திரம் உச்சியை நோக்கி ஊர்ந்துகொண்டிருப்பார்கள். அந்தக் காட்சி எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

“இந்த வயதில் இது என்ன பைத்தியம்?” என்று வீட்டில் கேட்பார்கள். விளையாட்டில் எனக்குள்ள ஈடுபாடு என்றுதான் அவர்கள் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. அந்தப் பந்தயம் என் தொழிலின் கதையும்கூட என்பதே மறுபாதி. அதை உண்டாக்கியது ஒரு பத்திரிகை. அதைப் பெரும் மலைகளின்மீது ஏற்றியவர் ஒரு நிருபர். அதற்கு அவர் கையாண்ட கருவி ஒரு தந்தி. அந்தத் தந்தியில் இருந்த செய்தி உண்மையல்ல.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்திகளோடு வாழ்ந்தவன் என்ற வகையில் அந்தத் தந்தியைப் பற்றி எழுதவேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். எழுதாமல் தள்ளிப் போட்டதற்கு ஒரு காரணமும் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பச்சைத் தாளும் மஞ்சள் தாளும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுச் சமுதாயத்தை இரண்டாகப் பிளந்த விவகாரம் ஒன்று உண்டு. அல்பிரட் டிரெய்பஸ் என்ற யூத இராணுவ அதிகாரி, ஜேர்மனிக்கு இரகசியங்களைக் கொடுத்தார் என்று 1894ஆம் ஆண்டு தண்டிக்கப்பட்டார். அவர் நிரபராதி. அந்த உண்மையை அரசு ஏற்று அவரைக் குற்றமற்றவர் என அறிவிக்க 1906ஆம் ஆண்டு வரை சென்றது. இடைப்பட்ட காலத்தில் ஒரே குடும்பத்தில் சாப்பாட்டு மேசையின் இரு பக்கமும் இரு கட்சிகளாயின.

அக்காலத்தில் பிரான்ஸின் முதன்மையான விளையாட்டு நாளேடு ‘லு வெலோ’. பச்சை நிறத் தாளில் அச்சாகி வந்தது. அதன் ஆசிரியர் பியேர் ஜிபார் டிரெய்பஸின் பக்கம் நின்றார். அந்தப் பத்திரிகைக்கு விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்த மோட்டார் வாகன உற்பத்தியாளர் டி டியோன் பிரபுவோ எதிர்ப் பக்கம். கோபங்கொண்ட பிரபுவும் அவரையொத்த உற்பத்தியாளர்களும் விளம்பரத்தை நிறுத்தியதோடு நில்லாமல், 1900ஆம் ஆண்டு ஒக்டோபரில் சொந்தமாக ஒரு விளையாட்டுப் பத்திரிகையையே தொடங்கிவிட்டார்கள். மஞ்சள் நிறத் தாளில் வெளிவந்த அந்த ஏட்டுக்கு முதலில் ‘லோட்டோ வெலோ’ என்று பெயர். பெயரில் ‘வெலோ’ இருப்பது தங்கள் பெயரைத் திருடுவதாகும் என்று பச்சைத் தாள்காரர்கள் வழக்குத் தொடுத்து வென்றதால், 1903ஆம் ஆண்டு தொடக்கத்தில் அது வெறும் ‘லோட்டோ’ ஆயிற்று.

அதன் ஆசிரியர் ஹென்றி டெகிராஞ்ச். 1893ஆம் ஆண்டு ஒரு மணித்தியாலத்தில் 35.325 கிலோமீற்றர் ஓடிச் சாதனை படைத்த முன்னாள் துவிச்சக்கர வண்டி வீரர். கண்டிப்பானவர். பத்திரிகையோ விற்கவில்லை. பணம் போட்டவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். ஆசிரிய பீடத்தில் இருந்தவர்களுக்கு அந்த முணுமுணுப்பின் ஒலி நன்றாகவே தெரியும். 1902ஆம் ஆண்டு நவம்பரில் நடந்த ஆலோசனையில், ஜியோ லெபெவ்ர் என்ற இளம் நிருபர் பிரான்ஸையே சுற்றிவரும் ஒரு பந்தயத்தை நடத்தலாம் என்றார். அந்த யோசனை மதிய உணவு மேசையில் மேலும் பேசப்பட்டது என்பார்கள்.

1903ஆம் ஆண்டு ஜூலை முதலாம் திகதி 60 பேர் புறப்பட்டார்கள். 6 கட்டங்களில் 2,428 கிலோமீற்றர். முடித்தவர்கள் 21 பேர். மொறிஸ் கராஞ் வென்றார். 25,000 அளவில் விற்றுக்கொண்டிருந்த லோட்டோ 65,000 பிரதிகளுக்கு உயர்ந்தது. அடுத்த ஆண்டு பச்சைத் தாள் மூடப்பட்டது. 1908இல் லோட்டோவின் விற்பனை இரண்டரை இலட்சம்.

செய்தியைத் தேடிப் போவது பத்திரிகையின் வேலை என்றே எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். செய்தியைத் தானே உற்பத்தி செய்து, அதைத் தானே அறிக்கையிட்டு, தானே விற்பது என்ற புதிய வித்தையை மஞ்சள் தாள்காரர்கள் கண்டுகொண்டார்கள். இந்த வித்தைக்கு ஒரு குணம் உண்டு. கடந்த ஆண்டு விற்றது இந்த ஆண்டு விற்காது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் பந்தயம் முன்னதைவிடக் கொடியதாக இருக்கவேண்டும். 1905ஆம் ஆண்டு, வோஷ் மலைகளில் உள்ள 1,178 மீற்றர் உயரமான பலோன் டல்சாஸ் கணவாய் சேர்க்கப்பட்டது. எவராலும் இறங்காமல் ஏற முடியாது என்று ஆசிரியரே ஐயுற்றார். ரெனே பொட்டியே என்பவர் ஏறிக் காட்டினார். ஏறிக் காட்டியதன் விளைவு, அடுத்த மலை எது என்ற கேள்வி.

ஸ்ரெய்னெஸ் என்ற நிருபர்

லோட்டோவில் பாதைகளை ஆராய்ந்து பந்தயத்தின் வழியை வகுத்தவர் அல்போன்ஸ் ஸ்ரெய்னெஸ். பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே மதில்போல் நிற்கும் பிரனீஸ் மலைத்தொடரைக் கடக்கவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். ஆசிரியர் டெகிராஞ்ச் மறுத்தார். அங்கே இருந்தவை இன்றைய பொருளில் வீதிகளே அல்ல. மரம் இழுப்போரும் ஆடு மேய்ப்போரும் கழுதைகளும் நடந்து நடந்து தேய்ந்த வண்டித் தடங்கள். ஆண்டில் பல மாதங்கள் பனி மூடியிருக்கும். கரடிகள் உலாவும் காடு வேறு.

ஸ்ரெய்னெஸ் விடவில்லை. ஈற்றில் ஆசிரியர், நேரில் போய்ப் பார்த்து வரும்படி அவரை அனுப்பினார். முதலில் ஒபிஸ்க் கணவாய்ப் பாதையின் பழுதைப் பார்க்க உள்ளூர்ப் பொறியியலாளரிடம் பேசி, செலவில் ஒரு பகுதியைப் பத்திரிகையே ஏற்பது என்று ஏற்பாடாயிற்று. அடுத்து 2,115 மீற்றர் உயரமான ரூர்மலே. நமது வாசகர்களுக்கு ஓர் அளவு சொல்வதானால், நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு எழுபது கிலோமீற்றருக்கு மேல் வளைந்து வளைந்து ஏறும் உயரத்துக்குச் சற்றே குறைவான உயரத்தை, ரூர்மலே கணவாய் செயின்ற் மரி டி கம்பான் என்ற அடிவாரக் கிராமத்திலிருந்து 17 கிலோமீற்றருக்குள் ஏறிவிடும்.

பின்னர் நடந்ததாகச் சொல்லப்படுவது பத்திரிகைத் தொழிலின் பெருங்கதைகளுள் ஒன்று. கோடை வருவதற்கு முன், அந்தக் கிராமத்திலே ஒரு மோட்டார் வண்டியையும் சாரதியையும் வாடகைக்கு அமர்த்திக்கொண்டு ஸ்ரெய்னெஸ் மலையேறினார். உச்சிக்குச் சில கிலோமீற்றர் இருக்கையில் வண்டி பனியில் புதைந்து நின்றது. இருட்டிக்கொண்டு வந்தது. சாரதி திரும்பிவிட்டார். நிருபர் திரும்பவில்லை. நகரத்துச் சப்பாத்துக்களோடு, பாதை எது பள்ளம் எது என்று தெரியாத பனியில் நடந்து உச்சியைத் தாண்டி, மறுபக்கச் சரிவில் விழுந்து எழும்பி, அதிகாலை மூன்று மணியளவில் பரேஜ் என்ற ஊரை அடைந்தார். அவரைக் காணவில்லை என்று ஊரார் ஏற்கெனவே தேடப் புறப்பட்டிருந்தார்கள்.

குளித்து, சாப்பிட்டு, சூடேற்றிக்கொண்ட பின் அவர் செய்த காரியம், பாரிஸுக்குத் தந்தி அடித்தது. ரூர்மலேயைக் கடந்தேன், பாதை மிக நன்று, முற்றிலும் பயணிக்கத்தக்கது. தந்தியின் சாரம் இவ்வளவுதான்.

புதைந்த வண்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை. தேடுதல் குழுவைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆசிரியர் நம்பினார். அல்லது நம்ப விரும்பினார். ஆசிரியர்கள் நம்ப விரும்புவதை எழுதி அனுப்பும் நிருபர்கள் எல்லா நாட்டிலும் முன்னேறுகிறார்கள். 1910ஆம் ஆண்டுப் பந்தயத்தில் பிரனீஸ் மலைகள் சேர்க்கப்பட்டன.

1910 ஜூலை 21

அந்த ஆண்டு 110 பேர் புறப்பட்டார்கள். மொத்தம் 15 கட்டங்கள், 4,700 கிலோமீற்றருக்கு மேல். ஒன்பதாம் கட்டத்தில் பிரனீஸின் சிறிய கணவாய்கள் வந்தன. பாரிஸைச் சேர்ந்த ஒக்டேவ் லபீஸ் என்ற 22 வயது இளைஞர் அதில் வென்றார். ஒருநாள் ஓய்வு. பத்தாம் கட்டம் ஜூலை 21ஆம் திகதி, லூஷோன் என்ற மலையடிவார நகரிலிருந்து அத்திலாந்திக் கரையோரம் பயோன் நகர் வரை. தூரம் 326 கிலோமீற்றர். இடையிலே பெய்ரசூர்ட் (1,569 மீற்றர்), அஸ்பின் (1,489), ரூர்மலே (2,115), ஒபிஸ்க் (1,709) ஆகிய நான்கு பெருங் கணவாய்கள். அனைத்தும் ஒரே நாளில்.

அதிகாலை மூன்றரை மணிக்கு இருளில் புறப்பட்டார்கள்.

அவர்களுடைய வண்டிகளைக் கற்பனை செய்துகொள்வது அவசியம். இன்று பந்தயக்காரர்கள் ஓட்டும் வண்டி ஏழு கிலோ அளவுதான். கைவிரல் அசைவில் பற்சக்கரம் மாறும். அன்றைய உருக்கு வண்டி அதைப்போல் இரண்டு மடங்கு பாரம். ஓடும்போது பற்சக்கரம் மாற்றும் வசதி இல்லை. அத்தகைய கருவிகள் கண்டுபிடிக்கப்பட்ட பின்பும், அவை ஆண்மைக்கு இழுக்கு என்று கருதிய டெகிராஞ்ச் தம் பந்தயத்தில் அவற்றை அனுமதிக்கவில்லை. 1937ஆம் ஆண்டில்தான் அந்தத் தடை நீங்கியது. பின் சக்கரத்தின் இரு பக்கமும் அளவில் வேறுபட்ட பற்சக்கரங்கள் இருக்கும். மலையடிவாரம் வந்ததும் இறங்கி, பின் சக்கரத்தைக் கழற்றி, திருப்பிப் பூட்டிக்கொண்டு ஏறவேண்டும். உச்சியில் மீண்டும் அதே வேலை. உதிரி ரயர்களைத் தோளிலே குறுக்காக மாட்டியிருப்பார்கள். ரயர் ஓட்டையானால் தானே மாற்றவேண்டும். பிறர் கைகொடுத்தால் தண்டனை.

பாதையோ கல்லும் புழுதியும். ஈரமான இடங்களில் சேறு. ரூர்மலே ஏற்றத்தின் சராசரிச் சாய்வு நூற்றுக்கு ஏழுக்கு மேல். நூறு மீற்றர் முன்னே போவதற்கு ஏழு மீற்றர் மேலே போகவேண்டும், அதுவும் 17 கிலோமீற்றர் தூரத்துக்கு. மிதியை ஒரு சுற்றுச் சுற்ற உடல் முழுவதையும் கொடுக்கவேண்டிய அளவுக்குப் பற்சக்கரம் பெரிது. எனவே பலர் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இருக்கவில்லை. லபீஸும் சிறிது நடந்தும் சிறிது ஓட்டியும்தான் ரூர்மலே உச்சியை முதலாவதாகக் கடந்தார். அவருக்குப் பின்னால் வந்த குஸ்தாவ் கரிகூ மாத்திரம் ஒரு தடவையேனும் கால் ஊன்றாமல் ஏறினார். அதற்காக அவருக்கு 100 பிராங் சன்மானம் கிடைத்தது.

இவ்வளவும் நடக்கும்போது ஆசிரியர் டெகிராஞ்ச் அங்கே இல்லை. உடல்நலமில்லை என்று பொறுப்பை விக்டர் பிரேயர் என்ற சகாவிடம் ஒப்படைத்துவிட்டுப் பாரிஸ் போய்விட்டார். உடலுக்கு என்ன வந்தது என்று நான் ஆராயப் போவதில்லை. விபரீதம் ஏதும் நேர்ந்தால் கையெழுத்து யாருடையதாக இருக்கும் என்ற கேள்வி எழும் நாட்களில், அலுவலகங்களில் திடீர்க் காய்ச்சல்கள் வருவதை நானும் கண்டிருக்கிறேன்.

உச்சியில் நின்ற இருவர்

பிரேயரும் ஸ்ரெய்னெஸும் மோட்டார் வண்டியில் முன்னே போய் ஒபிஸ்க் உச்சியில் காத்திருந்தார்கள். நேரம் போனது. கணக்கிட்ட நேரத்துக்கு எவரும் வரவில்லை. அனுப்பியவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்ற அச்சம் அந்த இருவருக்கும் வந்திருக்கும். ஈற்றில் ஓர் உருவம் தள்ளாடி வந்தது. பெரும் குழுக்கள் எதையும் சேராது தனியாக ஓடிய பிரான்சுவா லபூர்காத் என்பவர். அவரை அங்கே முதலாவதாக எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், அவர்களைப் பார்க்காமலே கடந்து போனார்.

சுமார் கால் மணி நேரத்துக்குப் பின் லபீஸ் வந்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார் என்பர். அதிகாரிகளைக் கண்டதும் அவர் வாயிலிருந்து வந்த சொல் பந்தயத்தின் வரலாற்றிலேயே நிலைத்துவிட்டது.

“கொலைகாரர்கள்!”

நீங்கள் கொலைகாரர்கள் என்று அந்த இருவரின் முகத்துக்கு நேரே அவர் கத்தினார். அந்தக் கட்டத்தோடு விலகிவிடுவதாகவும் சொன்னார் என்பார்கள்.

இச்சம்பவத்தை எழுதுகின்ற பலர் அந்தச் சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகத் தெரிவது அது சரியான முகவரிக்குப் போய்ச் சேர்ந்தது என்பதே. இளைஞர் மலையைச் சபிக்கவில்லை, பாதையைச் சபிக்கவில்லை. பாதை மிக நன்று என்று எழுதிய அதே மனிதர் இரண்டு முழ தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு நிருபர் தன் செய்தியின் விளைவைச் சேறும் வியர்வையும் பூசிய ஒரு முகத்தில் நேருக்கு நேர் காண்பது அபூர்வம். நம்மில் பெரும்பாலோருக்கு அந்தத் தண்டனை வாய்ப்பதில்லை.

சத்தமிட்டுவிட்டு லபீஸ் விலகிவிடவில்லை. பயோனுக்கு இன்னும் சுமார் 150 கிலோமீற்றர் இருந்தது. இறக்கத்தில் பாய்ந்து, லபூர்காத்தைப் பிடித்து, கடைசியில் இத்தாலியரான பியெரினோ அல்பினியை முந்தி அவரே வென்றார். 14 மணி 10 நிமிடங்கள் அவருக்கு எடுத்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் மணிக்கு 23 கிலோமீற்றர் சராசரி. நான்கு மலைகளையும், நடந்த தூரத்தையும், சக்கரம் கழற்றிப் பூட்டிய நேரத்தையும் சேர்த்துத்தான் இந்தச் சராசரி.

அந்த ஆண்டுப் பந்தயத்தை 41 பேர் முடித்தார்கள். அக்காலத்தில் வெற்றி புள்ளிக் கணக்கில் தீர்மானிக்கப்பட்டது. லபீஸ், தம் குழுவைச் சேர்ந்த பிரான்சுவா பாபரை 4 புள்ளிகளால் வென்று பட்டம் பெற்றார்.

பின்னர் நடந்தவை

அந்த மலைகளில் எவரும் சாகவில்லை. பத்திரிகை விற்றது. ஆகவே, அடுத்த ஆண்டு அல்ப்ஸ் மலைகளில் இன்னும் உயரமான கலிபியே கணவாய் சேர்க்கப்பட்டது. மலைகளை வேண்டாம் என்று தயங்கிய டெகிராஞ்ச் மலைகளின் புகழ் பாடும் புலவராகவே மாறிவிட்டார். இன்று கலிபியேயில் அவருக்கு நினைவுச் சின்னம் உண்டு.

1913ஆம் ஆண்டு ரூர்மலே இறக்கத்தில் ஏஜேன் கிறிஸ்தோப் என்பவரின் வண்டியின் முன் கவை முறிந்தது. வென்றிருக்கக்கூடியவர் அவர். அழுதுகொண்டே வண்டியைத் தோளில் சுமந்து பத்துக் கிலோமீற்றருக்கும் மேல் நடந்து, செயின்ற் மரி டி கம்பானில் ஒரு கொல்லன் பட்டறையைக் கண்டுபிடித்து, தம் கையாலேயே இரும்பைக் காய்ச்சி அடித்துப் பொருத்தினார். அவருக்கு எவரும் உதவிவிடக்கூடாது என்று அதிகாரிகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரு கைகளும் வேலையாய் இருந்தமையால் துருத்தியை ஊத ஒரு சிறுவன் உதவினான். அதற்கும் தண்டனை விதித்தார்கள். அந்தப் பட்டறையின் சுவரிலே இன்று நினைவுப் பலகை இருக்கிறது. 1919ஆம் ஆண்டு, பந்தயத்தில் முன்னணியில் இருப்பவர் அணியும் மஞ்சள் மேற்சட்டை அறிமுகமானபோது அதை முதலில் அணிந்தவரும் அவரே. லோட்டோ அச்சான தாளின் நிறம் அது என்பதை இன்று அதைப் பார்ப்பவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

1910ஆம் ஆண்டின் வீரர்களைப் பெரும் யுத்தம் கொண்டுபோயிற்று. பாபர் 1915ஆம் ஆண்டு மே மாதம் போர்முனையில் மாண்டார். ஒபிஸ்க் உச்சியை முதலில் கடந்த லபூர்காத் 1917இல் இறந்தார். அதே 1917ஆம் ஆண்டு, பிரெஞ்சுத் தேசிய தினமான ஜூலை 14ஆம் திகதி, போர் விமானியாகிவிட்டிருந்த ஒக்டேவ் லபீஸ் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டார். 30 வயதுகூட நிறையவில்லை. அந்த மலையில் ‘கொலைகாரர்கள்’ என்று கத்தியவருக்கு, அதைவிடப் பெரிய கொலைகாரர்கள் ஏழு ஆண்டுகள் தள்ளிக் காத்திருந்தார்கள்.

லோட்டோவின் விற்பனை 1933ஆம் ஆண்டுப் பந்தய காலத்தில் எட்டரை இலட்சத்தைத் தாண்டியது. பின்னர் ஜேர்மன் ஆக்கிரமிப்பின்போதும் அது வெளிவந்துகொண்டிருந்தது. அதன் பொருட்டு 1944இல் பாரிஸ் விடுதலையானதும் அதை மூடினார்கள். 1946இல் அதன் இடத்தில் ‘லெக்கிப்’ பிறந்தது. மஞ்சள் தாள் மறைந்து மஞ்சள் சட்டை எஞ்சியது.

எழுதாமல் தள்ளிப்போட்ட காரணம்

1980களில் ஒரு மழைக்காலம். மலையகத்தில் ஒரு வீதியில் மண்சரிவு ஏற்பட்டுப் போக்குவரத்துத் தடைப்பட்டிருந்தது. இளம் நிருபரான நான் செய்தி சேகரிக்க அனுப்பப்பட்டேன். அந்த வீதிக்கு ஏழெட்டு மைல் இப்பால் இருந்த நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. நனைந்திருந்தேன். தேநீர்க் கடையில் இருந்த லொறி உதவியாளர் ஒருவர், மண்ணை அள்ளிவிட்டார்கள், வாகனங்கள் போகின்றன என்றார். பத்திரிகை அச்சுக்குப் போகும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. தபால் கந்தோரிலிருந்து தொலைபேசியில் கொழும்புக்குச் சொன்னேன்: வீதி திறக்கப்பட்டுவிட்டது.

மறுநாள் காலை முன்பக்கத்தில் வந்தது. என் பெயரும் இருந்தது. நான் அந்தப் பெயரைத்தான் பார்த்தேன்.

பத்து நாட்களின் பின் வேறொரு விடயமாக அதே நகரத்துக்குப் போனேன். அங்கே படிப்பித்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். சட்டைப் பையிலிருந்து பத்திரிகைத் துண்டு ஒன்றை எடுத்து விரித்தார்.

“தம்பி, இதை எழுதினது நீர்தானே?”

“ஓம் சேர்.”

“அந்த ரோட்டாலை நீர் போனனீரோ?”

நான் பதில் சொல்லவில்லை. அவர் கோபப்படவில்லை. “நாங்கள் ஒரு பஸ் நிறையச் சனம் இதைப் பார்த்துப்போட்டுத்தான் வெளிக்கிட்டனாங்கள். இரவு முழுக்க மழைக்குள்ளை நடு ரோட்டிலை நிண்டது. பிள்ளையளும் இருந்ததுகள்” என்றார். துண்டை மீண்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதை ஏன் எறியவில்லை என்று நான் இன்றும் நினைப்பதுண்டு.

அங்கும் எவரும் சாகவில்லை. செய்தி திருத்தப்படவும் இல்லை. அலுவலகத்தில் எவருக்கும் நான் சொல்லவுமில்லை.

ஸ்ரெய்னெஸின் கதையைப் பிற்காலத்தில் முதன்முதலாகப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. படிக்கின்ற எல்லோருக்கும் வரும். அவ்வளவு சுவையான கதை. இரண்டாம் தடவை படித்தபோது சிரிப்பு வரவில்லை. அவரோடு என்னை ஒப்பிட்டுப் பார்த்தேன். அவர் அந்தப் பாதையால் நடந்தார். உயிரைக் கொடுக்கவும் துணிந்தார். உண்மை என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தும் மாற்றி எழுதினார். நானோ போகவே இல்லை. தெரியாததைத் தெரிந்ததாக எழுதினேன். இரண்டில் எது பெரிய குற்றம் என்று பல தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அவருடைய பொய்யில் ஒரு தைரியமாவது இருந்தது. என்னுடையதில் சோம்பலும் அவசரமும்தான் இருந்தன.

அவரைக் காப்பாற்ற விரும்புவோர் சொல்லும் வாதம் ஒன்று உண்டு. ஜூலை மாதம் பனி உருகிவிட்டது, பாதை பயணிக்கத்தக்கதாகத்தான் இருந்தது, பந்தயமும் உலகப் புகழ் பெற்றது, ஆகவே பொய்யும் மெய்யாகிவிட்டது என்பது அவர்கள் வாதம். நான் அதை ஏற்பதில்லை. அந்தத் தந்தி மெய்யானது அதை அனுப்பியவரால் அல்ல. இருளில் புறப்பட்டு, சக்கரத்தைக் கழற்றிப் பூட்டி, சேற்றில் நடந்து, சபித்துக்கொண்டே முன்னேறிய மனிதர்களால். தந்தி அடித்தவர் எழுதிய கடனை அவர்கள் தங்கள் கால்களால் அடைத்தார்கள். என் கடனை ஒரு பஸ் நிறைய இருந்த சனங்கள் அடைத்ததுபோல.

இன்று அந்தப் பாதை தார் போடப்பட்டது. பந்தயத்தின் ஒரு மலைக் கட்டத்தைச் சாதாரண மக்களும் ஒரே நாளில் ஓடிப் பார்க்கும் ஏற்பாடு 1993ஆம் ஆண்டு முதல் இருந்துவருகிறது. ஆயிரக்கணக்கானோர் பங்குபற்றுகிறார்கள். நூற்றாண்டு நிறைவான 2010ஆம் ஆண்டில் பந்தயம் ரூர்மலேயை இரு தடவைகள் ஏறியது. கணவாயின் உச்சியிலே, வண்டியின் மேல் எழும்பி மிதித்துக்கொண்டு வாயைத் திறந்து மூச்சு வாங்கும் ஒரு மனிதனின் பெரிய உலோகச் சிலை இருக்கிறது. லபீஸைக் குறிப்பது அது. பனிக்காலத்தில் அதைக் கீழே கொண்டுபோய் வைத்திருப்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் கோடையின் தொடக்கத்தில், பாதை திறந்ததும், லொறியில் ஏற்றி உச்சிக்குக் கொண்டுவருவார்கள். துவிச்சக்கர வண்டிக்காரர்கள் கூட்டமாக அதனோடு மலையேறி வருவார்கள், நம்மூரில் தேரோடு போவதைப்போல.

பாதை திறந்துவிட்டது என்பதற்கு அந்த ஊரில் அதுதான் செய்தி. அந்தப் பாதையால் ஏறி வந்தவர்கள் தருகின்ற செய்தி அது.